ஊசிக்குக் கை நீட்டிய மாவட்டம்

(உத்திரமேரூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம்)



உத்திரமேரூரில் பேச வருகிறவர்கள் சோழர் காலக் குடவோலைத் தேர்தலில் தொடங்குவது வழக்கம். நானும் அங்கே வருவேன், ஆனால் சற்றுப் பிந்தி. மருத்துவ ஆய்வில் பொதுமக்களுக்கு என்ன இடம், அந்த இடத்தில் நம் பிள்ளைகளுக்கு என்ன வேலை, என்ன தலைமை காத்திருக்கிறது என்பதைப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். என் கருத்து ஒன்றுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆய்வுக்கு உடம்பைத் தருகிற மக்களுக்கு, அந்த ஆய்வின் கேள்வியை வகுக்கும் இடத்திலும், அதை நடத்தும் இடத்திலும், முடிவை எடுத்துச் சொல்லும் இடத்திலும் இருக்கை வேண்டும். அந்த இருக்கை சம்பளமும் படிப்படியான உயர்வும் உள்ள தொழிலாக வளர வேண்டும். இதைக் கேட்கும் உரிமை இந்தியாவில் வேறு எந்த மாவட்டத்தையும்விட இந்த மாவட்டத்துக்கு அதிகம். ஏன் என்று சொல்கிறேன்.

1. நாம் ஏற்கெனவே கொடுத்தது

திருவள்ளூர், காஞ்சிபுரம், உத்திரமேரூர், மதுராந்தகம் எல்லாம் ஒரே செங்கல்பட்டு மாவட்டமாக இருந்த காலம். 1968-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு, திருவள்ளூரைச் சுற்றிய கிராமங்களில் காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வைத் தொடங்கியது. ஆய்வுப் பரப்பின் மக்கள்தொகை ஏறத்தாழ 3,60,000. வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். தோலில் சோதனை ஊசி போட்டுப் பார்த்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், சந்தேகம் வந்தவர்களிடம் சளி வாங்கினார்கள். 1971-க்குள் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஊசி போட்டு முடிந்தது. இரண்டு நாட்டு வகைகள், இரண்டு அளவுகள். ஒரு பகுதியினருக்கு மருந்தே இல்லாத வெற்று ஊசி. யாருக்கு எது என்பது குறியீட்டு எண்ணில் இருந்தது. போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது.

அதோடு முடியவில்லை. குறிப்பிட்ட இடைவெளிகளில் திரும்பத் திரும்ப வந்து, மீண்டும் எக்ஸ்ரே, மீண்டும் சளி என்று பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 1979-ல் முதல் அறிக்கை வந்தது. ஏழரை ஆண்டு முடிவின்படி, ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் வெற்று ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் இடையே நுரையீரல் காசநோய் வருவதில் வேறுபாடே இல்லை. உலகம் திகைத்தது. பிரிட்டனில் நன்றாகப் பலன் தந்த தடுப்பூசி அது. நம் மண்ணிலும் நீரிலும் இருக்கிற வேறு வகைக் கிருமிகளோடு உடம்பு ஏற்கெனவே பழகியிருந்தது காரணமாக இருக்கலாம் என்ற விளக்கம் அங்கிருந்துதான் வலுப்பெற்றது. 1999-ல் வெளியான பதினைந்தாண்டு முடிவும் வயது வந்தவர்களுக்கு இந்த ஊசி நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை என்றே சொன்னது. குழந்தைகளுக்கு மட்டும் குறைந்த அளவு பாதுகாப்பு தெரிந்தது. பிறந்த குழந்தைக்கு இன்றும் பி.சி.ஜி. போடுகிறோம். மூளைக் காய்ச்சலாகவும் உடம்பெங்கும் பரவியும் வருகிற கொடிய காசநோயிலிருந்து பச்சிளங்குழந்தையை அது காக்கிறது. பெரியவர்களைப் பற்றிய நம்பிக்கையை உலகம் மாற்றிக்கொண்டது இங்கே நீட்டிய கைகளால்.

1991-ல் இதே மாவட்டத்தில் தொழுநோய்க்கான நான்கு தடுப்பூசிகளை ஒப்பிடும் ஆய்வு தொடங்கியது. அதில் 1,70,000-க்கும் மேற்பட்டவர்கள் ஊசி போட்டுக்கொண்டார்கள். அதன் முடிவு 1998-ல் வெளியானது.

இந்த ஆய்வுகளைக் குறை சொல்ல நான் இவற்றை எடுக்கவில்லை. பலன் இல்லை என்பதைத் துணிந்து சொன்ன ஆய்வு உயர்ந்த ஆய்வு. செங்கல்பட்டு என்ற பெயர் உலகக் காசநோய்ப் பாடநூல்களில் நிலைத்திருப்பதற்கு நாம் பெருமைப்படலாம். ஆனால் அந்தப் பெரும் உழைப்பில் கிராமத்தாருக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று, கையை நீட்டுவது. எந்தக் கேள்வியை ஆராய்வது என்று அவர்களோடு கலந்துபேசும் வழக்கம் அன்று உலகில் வேரூன்றவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் நெறிமுறை அறிக்கையே 1980-ல்தான் வந்தது. முடிவைக் கிராமத்துக்குத் திரும்பக் கொண்டுவரும் கடமையை எந்த விதியும் அன்று எழுதிவைக்கவில்லை. 2024-ல் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் வயது வந்தவர்களுக்கு பி.சி.ஜி. போட்டுப் பார்க்கும் ஆய்வு மறுபடி தொடங்கியபோது எனக்கு முதலில் தோன்றியது இதுதான்: அன்று கை நீட்டியவரின் பேத்தி இன்று எம்.எஸ்ஸி. படித்திருக்கிறாள். இந்த முறை அவள் மேசையின் எந்தப் பக்கம் உட்காரப்போகிறாள்?

2. நோயாளிக்குத் தெரிந்தது

ஆய்வில் மக்களைச் சேர்ப்பது அவர்களுக்குச் செய்கிற மரியாதை என்று பலர் நினைக்கிறார்கள். மரியாதை ஒரு பக்கம் இருக்கட்டும். அவர்கள் இல்லாமல் ஆய்வே பிழையாகிவிடுகிறது. சென்னைச் சேத்துப்பட்டில் 1956-ல் காசநோய் மருத்துவ ஆய்வு மையம் தொடங்கியது. இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அதன் முதல் ஆய்வில் 193 நோயாளிகள். பெரும்பாலும் நெரிசலான ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பாதிப் பேரைச் சானடோரியத்தில் வைத்து ஓய்வும் நல்ல உணவும் தந்தார்கள். மீதிப் பேர் அந்த நெரிசலான வீடுகளிலேயே இருந்தார்கள். இரு சாராருக்கும் ஒரே மருந்து, ஓராண்டு. 1959-ல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமானார்கள். கூட இருந்தவர்களுக்கு நோய் தொற்றும் ஆபத்தும் அதனால் கூடவில்லை. உலகமெங்கும் சானடோரியங்களின் காலம் முடிவுக்கு வர இந்த ஆய்வு பெரிய காரணம்.

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. நோயாளிகள் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று பார்க்கச் சொல்லாமல் கொள்ளாமல் வீடுகளுக்குப் போனார்கள். மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரில் மருந்து தெரிகிறதா என்று சோதித்தார்கள். உடம்பு தேறிய உணர்வு வந்ததும் மருந்து நின்றுபோகிறது என்பது பிடிபட்டது. வாரம் இருமுறை கண்ணெதிரே மருந்து கொடுக்கும் முறையை அதே மையம் 1960-களில் சோதித்தது. பின்னாளில் உலகமெங்கும் பரவிய நேரடிக் கண்காணிப்பு மருத்துவத்துக்கு வேர் அங்கே இருக்கிறது. மாத்திரை டப்பாவை அடுப்படியில் எங்கே வைக்கிறார்கள், எந்த நாளில் கூலிக்குப் போகிறார்கள், மாமியாருக்குத் தெரியாமல் எதை மறைக்கிறார்கள் என்பதெல்லாம் வாசலில் உட்கார்ந்து பேசிய களப்பணியாளர்கள் அறிந்தது. மருத்துவர் மேசைக்கு அது வந்து சேர்ந்தபோதுதான் அறிவியல் ஆயிற்று.

இன்னொரு எடுத்துக்காட்டு நம் காலத்தது. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு நெடுங்காலம் கானமைசின் என்ற ஊசி போட்டார்கள். அது பலரின் காதைப் பறித்தது. நந்திதா வெங்கடேசன் 2013-ல் சிகிச்சையின்போது கேட்கும் திறனை இழந்தவர். தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலேவுக்கும் அதே கதி. இருவரும் வீட்டில் முடங்கவில்லை. காதைப் பறிக்காத மாற்று மருந்தான பெடாகுயிலினுக்கு அதைத் தயாரித்த நிறுவனம் கேட்ட காப்புரிமை நீட்டிப்பை எதிர்த்து 2019-ல் இந்தியக் காப்புரிமை அலுவலகத்தில் மனு கொடுத்தார்கள். 2023 மார்ச்சில் நிறுவனத்தின் கோரிக்கை தள்ளுபடியானது. இதற்கிடையே 2018-லேயே கானமைசினைக் கைவிடும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. கிருமி போய்விட்டதா என்ற ஒற்றைக் கேள்வியை மட்டும் வைத்து அளந்த காலம் வரை அந்த ஊசி வெற்றி பெற்ற மருந்து. 'நான் இனி அம்மாவின் குரலைக் கேட்பேனா' என்பதையும் அளவாகச் சேர்த்தால் கணக்கு மாறிவிடுகிறது. அந்த இரண்டாவது அளவை நோயாளிதான் கொண்டுவர முடியும்.

சிறிய அளவில் நானே பார்த்த ஒன்றையும் சொல்கிறேன். மனநலத் திட்டம் ஒன்றில் களப்பணியாளரோடு ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். மகனுக்கு மனச்சிதைவு நோய். அச்சடித்த கேள்வித்தாளை எடுத்துக் களப்பணியாளர் ஒவ்வொன்றாகக் கேட்டார்: காதில் குரல் கேட்கிறதா, யாரோ பின்தொடர்வதாகச் சொல்கிறானா, தூக்கம் எப்படி. அந்த அம்மா பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டுக் கடைசியில், "அதெல்லாம் கெடக்கட்டும்மா. ரேஷன் கடைக்கு அனுப்பிச்சேன், அரிசி வாங்கிக்கினு மீதிக் காச கரெக்டா கொண்டாந்து குடுத்தான். அத எழுதிக்கோ" என்றார். தாளில் அதற்கு இடமில்லை. களப்பணியாளர் ஓரத்தில் எழுதிக்கொண்டார். அந்த ஓரத்தில் எழுதியதை நடுவுக்குக் கொண்டுவருவதைத்தான் நான் பொதுமக்கள் பங்கேற்பு என்கிறேன். எந்த மாற்றம் நடந்தால் சிகிச்சை பலித்ததாகக் கொள்வது என்று முடிவு செய்யும் நாளில் அந்த அம்மா அறையில் இருந்திருக்க வேண்டும்.

3. களப்பணி ஒரு தொழில்

மாணவர்கள் இங்கே நிமிர்ந்து உட்காருங்கள். இது உங்களைப் பற்றியது.

மருத்துவ ஆய்வு என்றால் எம்.பி.பி.எஸ். படித்தவர்களுக்கு மட்டும் என்ற எண்ணம் ஊர்ப்புறங்களில் ஆழமாக இருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்துக் கிராமங்களிலேயே அதை மாற்றிக் காட்டிய ஆய்வு ஒன்று நடந்தது. மனச்சிதைவு நோயாளிகளுக்கு வீட்டுக்கே போய் உதவினால் பலன் கூடுமா என்று மூன்று இடங்களில் சோதித்தார்கள்: கோவா, மகாராஷ்டிரத்தின் சதாரா, நம் மாவட்டத்துக் கிராமப்புறம். இங்கே நடத்தியது சென்னையின் ஸ்கார்ஃப் நிறுவனம். மொத்தம் 282 நோயாளிகள். வீடு தேடிப் போனவர்கள் பத்தாண்டுப் பள்ளிப்படிப்பும் மனிதர்களோடு பேசிப் பழகும் திறனும் உள்ள உள்ளூர்க்காரர்கள். ஆறு வாரப் பயிற்சி. பிறகு மனநல மருத்துவரின் மேற்பார்வையில் வேலை. மருந்து நிற்காமல் பார்ப்பது, குடும்பத்தாருக்கு நோயை விளக்குவது, வேலைக்கும் அரசு உதவிக்கும் வழிகாட்டுவது, ஊராரின் ஏச்சுப் பேச்சைச் சமாளிக்கத் துணை நிற்பது. 2014-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களுக்கு நோய்க்குறிகளும் இயலாமையும் சற்றே கூடுதலாகக் குறைந்திருந்தன. அந்தப் பலன் அதிகம் தெரிந்தது தமிழ்நாட்டுக் கிராமங்களில்.

பத்தாம் வகுப்பு படித்த ஒருவரின் உழைப்பு உலகின் முதல்தர மருத்துவ இதழ் ஒன்றின் முடிவைத் தாங்கி நிற்கிறது. ஆனால் அப்படிப்பட்டவருக்கு அடுத்த படி எது? இங்கேதான் என் ஆதங்கம். ஆய்வுத் திட்டங்களில் களப்பணியாளர் வேலை பெரும்பாலும் ஒப்பந்த வேலை. 'ப்ராஜெக்ட்' முடிந்தால் வேலையும் முடியும். ஐந்து திட்டங்களில் பத்து ஆண்டு உழைத்தவர் ஆறாவது திட்டத்தில் மறுபடி முதல் படியில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அவர் பெயர் கட்டுரையின் ஆசிரியர் வரிசையிலும் வராது. மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு ஆசிரியருக்கு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது: ஆய்வில் முக்கியப் பங்கு, கட்டுரையை எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவுக்கு இசைவு, முழுமைக்கும் பொறுப்பு. களப்பணியாளருக்கு முதலாவது பல நேரம் இருக்கும். வரைவை அவர் கையில் கொடுத்து உன் கருத்து என்ன என்று யாரும் கேட்காததால் இரண்டாவதே கிடையாது. வரைவைத் தமிழில் சொல்லி விளக்கி ஒரு நாள் உட்கார்ந்து பேசினால் அந்தக் கதவு திறக்கும். ஆய்வுத் தலைவர்கள் இங்கே இருந்தால், இதை ஒரு வேண்டுகோளாக முன்வைக்கிறேன்.

குறைகள் இருந்தாலும் ஏணி இல்லாமல் இல்லை. சென்னை அயப்பாக்கத்தில் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் இருக்கிறது. 1999-ல் தொழுநோய்க் கள ஆய்வுப் பிரிவையும் மருத்துவப் புள்ளியியல் நிறுவனத்தையும் இணைத்து உருவாக்கியது. சுகாதார ஆய்வின் அடிப்படைகளை அது இணையவழியில் இலவசமாகக் கற்பிக்கிறது. ஆங்கிலம் கொஞ்சம் தட்டுத்தடுமாறிப் படிக்கத் தெரிந்தால் போதும், வீட்டிலிருந்தே தொடங்கலாம். பொதுச் சுகாதாரத்தில் முதுநிலைப் படிப்பும் அங்கே உண்டு. மருத்துவ மாணவர்களுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் குறுகியகால ஆய்வு உதவித்தொகை 1979 முதல் இருக்கிறது. பி.எஸ்ஸி. புள்ளியியல் படித்தவருக்குத் தரவு மேலாண்மை, நர்ஸிங் முடித்தவருக்கு ஆய்வு ஒருங்கிணைப்பு, சமூகப்பணி படித்தவருக்கு ஆலோசனையும் மக்கள் தொடர்பும். தமிழ் இலக்கியம் படிக்கிற பிள்ளைகளுக்கும் இடம் இருக்கிறது. ஆய்வில் சேருகிறவருக்குக் கொடுக்கும் தகவல் தாள் அவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும் என்பது சட்டம். நான் பார்த்த தாள்களில் பாதி, படித்தவருக்கே தலை சுற்றும் தமிழில் இருக்கின்றன. நல்ல தமிழ் எழுதத் தெரிந்து, அதோடு ஆய்வு முறையும் கற்ற ஒருவர் கிடைத்தால் எந்த ஆய்வு மையமும் விடாது.

2022-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' இன்னொரு வழியைக் காட்டுகிறது. நோய் கண்டுபிடித்த அன்றே யாருக்கு உயிராபத்து அதிகம் என்று பிரித்தறிய அதற்குப் பெரிய கருவி தேவைப்படவில்லை. எடையும் உயரமும், காலில் வீக்கம், மூச்சு வேகம், ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்பது. ஆரம்ப சுகாதார நிலைய ஊழியரே பார்த்துவிடலாம். வடிவமைத்தவர்கள் நோய்ப்பரவியல் வல்லுநர்கள். ஆனால் தினமும் பார்த்துப் பதிவதும், தவறினால் தவறு என்று சொல்வதும் அந்த ஊழியர். அவரைத் தரவு சேகரிப்பவராக மட்டும் வைத்திருப்பதா, தரவைப் படித்துத் தன் வட்டாரத்தில் முடிவெடுப்பவராக வளர்ப்பதா என்பது நம் கையில் இருக்கிறது.

4. நெறிமுறைக் குழுவில் ஒரு நாற்காலி

தலைமை என்றால் மேடையில் உட்காருவது என்று பொருள் கொள்ள வேண்டாம். மருத்துவ ஆய்வில் மிகப் பெரிய அதிகாரம் உள்ள அறை ஒன்று உண்டு. அதுதான் நெறிமுறைக் குழு. அது ஒப்பாவிட்டால் ஆய்வு நடக்காது. 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனைகள் விதிகளின்படி அதில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். குறைந்தது பாதிப் பேர் அந்த நிறுவனத்தைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். ஒரு பெண், ஒரு சட்ட அறிஞர், சமூகவியலாளர் அல்லது தொண்டு நிறுவனப் பிரதிநிதி போன்ற ஒருவர், இவர்களோடு மருத்துவமோ அறிவியலோ சாராத பொதுமனிதர் ஒருவர் கட்டாயம். அந்தப் பொதுமனிதரின் நாற்காலி நம்முடையது.

நான் சமூகவியலாளராக உட்கார்ந்த ஒரு குழுவில் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் பொதுமனிதராக இருந்தார். சர்க்கரை நோய் பற்றிய ஆய்வுத் திட்டம் ஒன்று வந்தது. காலையில் வெறும் வயிற்றில் மையத்துக்கு வர வேண்டும், ரத்தம் எடுப்பார்கள், இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி எடுப்பார்கள். மருத்துவர்கள் அளவைப் பற்றிப் பேசினார்கள், வழக்கறிஞர் இழப்பீட்டு வாசகத்தைத் திருத்தினார். தபால்காரர் கேட்டார்: "சார், அந்த ஊர்லருந்து முதல் பஸ் எத்தன மணிக்கு? வெறும் வயித்துல வர்ற பொம்பளைங்க திரும்பிப் போவறதுக்கு மதியம் ஆயிடும். அன்னிக்கிக் கூலி போச்சு. சாப்பாடு யாரு போடுறது?" அறை அமைதியாயிற்று. திட்டம் திருத்தப்பட்டது: ரத்தம் எடுப்பவர் ஊருக்கே போவது, முடிந்ததும் சிற்றுண்டி, அந்த நாளின் கூலி. இந்தத் திருத்தங்கள் கருணையால் வந்தவை என்று நினைக்காதீர்கள். அவை இல்லாவிட்டால் கூலிக்காரப் பெண்கள் பாதியில் விலகியிருப்பார்கள். வசதி உள்ளவர்களின் ரத்தத்தை மட்டும் வைத்து ஊர் முழுவதற்கும் முடிவு சொல்லியிருப்பார்கள்.

அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லாதபோது என்ன நடக்கிறது என்பதற்கும் சான்று உண்டு. 2009-ல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வுத் திட்டம் ஒன்று பள்ளிச் சிறுமிகளிடம் நடந்தது. விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகள் பலருக்காக ஒப்புதல் படிவத்தில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டார்கள். 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையான அறிக்கை கொடுத்தது. தடுப்பூசி நல்ல தடுப்பூசி. உலகெங்கும் உயிர் காக்கிறது. பெற்றோரைக் கேட்காமல் போன வழியால் இந்தியாவில் அந்தத் தடுப்பூசியின் மேலேயே பல ஆண்டுகள் நிழல் விழுந்தது.

5. யார் உட்காருவது, யார் கணக்குக் கொடுப்பது

இப்போது குடவோலைக்கு வருகிறேன். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வைகுண்டப் பெருமாள் கோயிலில் வெட்டிய கல்வெட்டுகளை நீங்கள் பள்ளியிலேயே படித்தவர்கள். குடும்பு என்ற முப்பது வட்டாரங்கள், ஓலையில் பெயர், குடத்தில் இட்டுச் சிறுவன் கையால் எடுப்பது. ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் எல்லாம் தெரிந்ததுதான். இன்றைய என் பொருளுக்கு அதில் இரண்டு விதிகள் வேண்டும், ஒரு குறையும் வேண்டும்.

முதல் விதி, வாரியத்தில் இருந்தவர் அடுத்த மூன்றாண்டு மறுபடி வரக் கூடாது. நெறிமுறைக் குழுக்களில் ஒரே பொதுமனிதரைப் பல ஆண்டுகள் வைத்திருந்தால் அவர் மெல்ல நிறுவனத்து மனிதராகிவிடுகிறார். மருத்துவர்களின் நட்பு, மரியாதை, காபி, கார். அவர் கேள்விகள் மென்மையாகிவிடுகின்றன. சுழற்சி வேண்டும். இரண்டாவது விதி இன்னும் கூர்மையானது. பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய உறவினரும் ஓலையில் பெயர் எழுதத் தகுதியற்றவர்கள். ஊரில் வந்து ரத்தமும் சளியும் எடுத்துப் போன ஆய்வுக் குழு, முடிவை ஊருக்கு வந்து சொல்லாவிட்டால், அடுத்த ஆய்வுக்கு அந்த ஊருக்குள் எதற்கு விட வேண்டும்?

குறை என்ன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஓலையில் பெயர் வர வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும், வேதக் கல்வி வேண்டும். வேதம் இன்னும் ஆழமாகக் கற்றவருக்கு நில அளவில் சலுகை. அந்த நிலத்தை உழுதவர் பெயர் குடத்தில் இல்லை. எந்தப் பெண்ணின் பெயரும் இல்லை. பிரம்மதேயம் என்ற அந்தணர் ஊரின் சபையில் ஜனநாயகம் அவ்வளவுதான்.

ஆயிரத்து நூறு ஆண்டு கழித்து நம் ஆய்வு ஆலோசனைக் குழுக்களும் அதே குறையோடு பிறக்கின்றன. சென்னையில் 2006-ல் எச்.ஐ.வி. தடுப்பூசியின் முதல் கட்ட ஆய்வு காசநோய் ஆய்வு மையத்தில் நடந்தபோது சமூக ஆலோசனைக் குழு அமைத்தார்கள். அது நல்ல முன்னுதாரணம். எச்.ஐ.வி. துறையில் பாதிக்கப்பட்டவர்களே முன்வந்து அமைப்பு கட்டியதால் அது முடிந்தது. 1998-ல் பி. கௌசல்யா சென்னையில் எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்களுக்கான அமைப்பைத் தொடங்கினார். அமெரிக்காவில் 1983-ல் டென்வரில் கூடிய எய்ட்ஸ் நோயாளிகள் தம்மைப் பற்றி முடிவெடுக்கும் எல்லா இடத்திலும் தமக்கு இடம் வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். பத்தாண்டுக்குள் மருந்து ஆய்வுக் குழுக்களில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆனால் அமைப்பு இல்லாத நோய்களில், அமைப்பு இல்லாத ஊர்களில், ஆலோசனைக் குழு என்றதும் யார் வருகிறார்கள்? ஊராட்சித் தலைவர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், ரைஸ்மில் முதலாளி. அவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனால் ஊரில் சளி டப்பா யார் கைக்குப் போகிறதோ அவர் அங்கே இல்லை. காலனியிலிருந்து ஒருவர், நூறு நாள் வேலைக்குப் போகும் பெண் ஒருவர், அந்த நோயைச் சொந்த உடம்பில் அனுபவித்த ஒருவர் என மூவராவது இல்லாத குழுவை நான் மக்கள் குழு என்று ஏற்க மாட்டேன். அவர்கள் வரும் நாளுக்குப் பஸ் கட்டணமும் கூலியும் கொடுக்காமல் 'சேவை' என்று அழைப்பதையும் ஏற்க மாட்டேன். மருத்துவருக்கு அமர்வுப் படி உண்டென்றால் இவருக்கும் உண்டு.

தமிழ்நாட்டில் காசநோயிலிருந்து மீண்டவர்கள் சிலர் ரீச் போன்ற அமைப்புகளிடம் பயிற்சி பெற்று, புதிய நோயாளிகளுக்குத் துணையாகவும் அதிகாரிகளிடம் பேசுபவர்களாகவும் வளர்ந்திருக்கிறார்கள். இந்த வட்டத்தின் முதல் ஆலோசனைக் குழு அப்படிப்பட்டவர்களிடமிருந்து தொடங்கலாம். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாகப் போகிற மகளிர் தன்னார்வலர்களும் இருக்கிறார்கள். யார் வீட்டில் யாருக்குப் பிரஷர், யார் மாத்திரையைப் பாதியில் நிறுத்தினார் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு எந்த ஆய்வாளருக்கும் தெரியாது.

6. இந்த ஊரில் செய்யக்கூடியது

இந்தியாவில் மருத்துவப் பரிசோதனைகளுக்கு 2007 முதல் பொதுப் பதிவேடு இருக்கிறது. 2009 முதல் பதிவு கட்டாயம். யார் வேண்டுமானாலும் கைப்பேசியில் பார்க்கலாம். நம் ஊருக்குள் ஒரு குழு வந்தால் பதிவு எண் என்ன, எந்த நெறிமுறைக் குழு ஒப்பியது என்று கேட்பது வம்பு அல்ல. நேர்மையான ஆய்வாளர் மகிழ்ச்சியோடு சொல்வார்.

அதற்கு அடுத்த படி கிராம சபை. தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். குடிநீர், வேலை, வரவு செலவு என்று பொருள்கள் வருகின்றன. அந்த ஆண்டில் ஊருக்குள் நடந்த மருத்துவ ஆய்வுகளையும் ஒரு பொருளாகச் சேர்க்கலாம். ஊராட்சி அலுவலகத்தில் ஒரு பதிவேடு. எந்த ஆய்வு, பொறுப்பாளர் யார், எத்தனை பேரிடம் என்ன எடுத்தார்கள், முடிவை எந்தக் கிராம சபையில் வந்து சொல்வார்கள் என்று நான்கு கட்டங்கள் போதும். அதை எழுதிப் பராமரிக்கிற வேலையை கல்லூரி மாணவர் ஒருவருக்கும் சுய உதவிக் குழுப் பெண் ஒருவருக்கும் சேர்த்துக் கொடுங்கள். இரண்டு ஆண்டு அந்தப் பதிவேட்டை வைத்திருந்தவர், எந்த ஆய்வு நிறுவனத்தின் நேர்காணலுக்கும் கையில் சரக்கோடு போவார்.

அடுத்த கிராம சபையிலேயே இதைத் தொடங்கலாம். இந்தப் பொருளைச் சேர்க்கும்படி ஊராட்சிக்கு எழுத வேண்டிய மனுவின் மாதிரியை நானே எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் இருப்பேன். உங்கள் ஊர்ப் பெயரைச் சேர்த்து எழுதிக்கொள்ளலாம்.